வேலையடைதலின் முப்பொருள்: தகுதி, அனுபவம், அறிமுகம்

வேலை தேடுவோரை நோக்கி எழும் கேள்விகள் மூன்று. என்ன படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம் என்னும் முதலிரண்டும் நேர்காணல் அறையில் கேட்கப்படும். 'உள்ளே ஆள் யாராவது இருக்காங்களா?' என்னும் மூன்றாவது, கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையே கேட்கப்படும். இவை முறையே தகுதி, அனுபவம், அறிமுகம் எனப்படும். இவற்றின் இலக்கணம் ஈண்டு ஆராயப்படுகிறது.

1. தகுதி

தகுதியாவது காகிதத்தில் அச்சாகி, லேமினேஷன் செய்யப்பட்டு, ஃபைலுக்குள் உறைவது. நெடுங்காலம் அதன் நகல் தானே நின்று உண்மையாகிவிடவில்லை. கெசட்டட் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டு முத்திரை குத்த வேண்டியிருந்தது. அந்த அதிகாரியை அணுக, அவரைத் தெரிந்த ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. எனவே தகுதியை மெய்ப்பிக்கவே அறிமுகம் தேவைப்பட்டது என்பது ஆய்வின் முதல் முடிவு.

தகுதியின் பண மதிப்பும் அளக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு அரசின் வேலையற்றோர் உதவித்தொகைத் திட்டம் பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாயும், தேறியவருக்கு 300 ரூபாயும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400 ரூபாயும், பட்டதாரிக்கு 600 ரூபாயும் வகுத்தது. பத்தாம் வகுப்பில் தவறியதற்கும் பட்டம் பெற்றதற்கும் உள்ள இடைவெளி மாதம் 400 ரூபாய் என்பது இதனால் பெறப்படும்.

2. அனுபவம்

வேலை கிடைத்த பின்னரே வருவதும், கிடைப்பதற்கு முன்னரே கேட்கப்படுவதும் அனுபவம். 'ஃப்ரெஷர்கள் விண்ணப்பிக்கலாம், இரண்டாண்டு அனுபவம் விரும்பத்தக்கது' என்னும் விளம்பர வாக்கியம் இதன் இயல்பை முழுமையாக விளக்கும்.

இந்த முடிச்சு அவிழும் இடம் ஒன்றுண்டு. அது வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே கணக்கிடப்படுவது பதிவு மூப்பு, அதாவது வேலையில்லாமல் இருந்ததில் பெற்ற அனுபவம். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால் அது வளரும்; மறந்தால் அழியும். மேற்சொன்ன உதவித்தொகைக்கும் பதிந்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். ஆகவே வேலையற்றிருப்பதற்கும் அனுபவம் கேட்கப்படுகிறது.

3. அறிமுகம்

இது நான்கு வகைப்படும். தாய்மாமன், சித்தப்பா முதலியோர் உறவு வகை. 'நம்ம ஊர்ப் பையன்' என்பது ஊர் வகை. கட்சிக்காரரின் கடிதத்தால் வருவது லெட்டர்பேட் வகை. பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனருடைய பழைய ரூம்மேட் போன்றோர் தூர வகை.

நால்வரும் செய்யும் தொழில் ஒன்றே: சொல்லி வைத்தல். 'சொல்லி வெச்சிருக்கேன், பயோடேட்டாவ வாட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க' என்றதும் அது நிறைவுறும். அதன்பின் என்ன நடக்கிறது என்பது துறைக்கு வெளியே உள்ளது.

நான்கில் தூர வகையே வலியது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. அறிமுகம் வழியே வேலை பெற்றோருள் அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்தித்தவர் 16.7 விழுக்காடுதான், எப்போதாவது சந்தித்தவர் 55.6; ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தவர் 27.8. காரணம் எளிது. மாமாவுக்குத் தெரிந்த காலியிடம் வீட்டில் அனைவருக்கும் முன்பே தெரியும். ரூம்மேட்டுக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாது.

4. வரலாற்றுச் சான்று

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞரிடம் வள்ளலின் பெயரையும், ஊருக்குச் செல்லும் பாதையையும், அங்கே கிடைக்கும் சோற்றையும் எடுத்துரைப்பதே இவற்றுள் நான்கின் அமைப்பு. வழியில் கண்டவர் தூர வகையினர் என்பதும், சிபாரிசு இலக்கிய வகையாகவே வளர்ந்தது என்பதும் நோக்கத்தக்கன.

இதற்கு நேர்மாறானது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினருக்கு 35 முதல் 70 வரை வயது, கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி முதலிய தகுதிகளை விதிக்கிறது. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரை அது விலக்குகிறது. ஆக அனுபவம் குற்றமாயிற்று. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் பட்டியலிட்டு விலக்குகிறது. ஆக அறிமுகமும் குற்றமாயிற்று. மிஞ்சிய பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனைக் கொண்டு எடுத்தனர். தேர்வுக்குழுவில் யாரையும் தெரியாத ஒரே உறுப்பினர் அச்சிறுவனே.

5. மூன்றின் உறவு

முன்பின் தெரியாதவரைச் சம்பளம் கொடுத்து நம்ப வேண்டியிருக்கிறதே என்னும் முதலாளியின் அச்சத்துக்கு மூன்றும் மருந்து. தகுதி பல்கலைக்கழகத்தின் ஜாமீன்; அனுபவம் பழைய முதலாளியின் ஜாமீன்; அறிமுகம் ரூம்மேட்டின் ஜாமீன். இதை உணர்ந்த ஐ.டி. கம்பெனிகள் மூன்றாவதற்கு 'ரெஃபரல்' என்று பெயரிட்டு, ஆள் பிடித்துத் தரும் ஊழியருக்குப் பணமும் தருகின்றன. காதில் சொன்னால் சிபாரிசு, போர்ட்டலில் ஏற்றினால் கொள்கை.

எது மேலானது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு தீரவில்லை. வேலை கிடைத்தோர் அனைவரும் தகுதியால் கிடைத்தது என்பர். கிடைக்காதோர் அனைவரும் பிறருடைய அறிமுகத்தால் போயிற்று என்பர். ஒரே பணியிடத்தைப் பற்றியே இவ்விரு கூற்றும் எழுவதால், இரண்டையும் ஒருசேர ஏற்பதே ஆய்வுக்கு உகந்தது.