கதவு எண் உள்ள கடனாளி

மலேசியாவில் மூன்றாண்டு சிறைக்குப் போக வங்கியைக் கொள்ளையடிக்க வேண்டியதில்லை. அது மெனக்கெட வேண்டிய வேலை, கூட்டாளிகளும் வேண்டும். அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கிவிட்டு, பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் இருந்தாலே போதும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. படிவம் 11இல் ஒரு நோட்டீஸ் வரும், குறைந்தது 14 நாள் தவணை கிடைக்கும். அதற்குள் கட்டாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிறகும் கட்டாமல் அடம்பிடித்தால் நாளுக்கு 50 வெள்ளி வரை தனி. பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி. டிவியையும் ஐஸ்பெட்டியையும் ஜப்தி செய்து ஏலம் விடவும் ஏற்பாடு உண்டு. இவ்வளவு அக்கறையாக எழுதிய சட்டத்தை நம் ஏழைகள் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

பந்திங்கில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இந்தச் சட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். படிக்கட்டில் விளக்கு எரியாது. குப்பைத் தொட்டிக்கு மூடி போய் வெகுநாளாகிறது. ஆனால் அறிவிப்புப் பலகைக்கு மேல் மட்டும் ஒரு டியூப் லைட் பளிச்சென்று எரிகிறது, ஏனென்றால் அங்கேதான் பாக்கிக்காரர் பட்டியல் ஒட்டியிருக்கிறது. பெயர், வீட்டு எண், பாக்கித் தொகை. சட்டப்படியான பட்டியல்தான், யாரும் குறை சொல்ல முடியாது. கண்ணாடி போட்டு, பூட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் ஒழுங்காகப் பராமரிக்கப்படுவது அந்தப் பலகை ஒன்றுதான்.

பட்டியலில் மூன்றாவது மாடிப் பாட்டியும் இருக்கிறார். பால்மரம் வெட்டியவர், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் உதிரிப்பழம் பொறுக்கியவர். நோட்டீஸை நீட்டி, "என்னாப்பா எழுதியிருக்கான்?" என்றார். படித்துச் சொன்னேன். "தோட்டத்துல கிராணி செக்ரோல்ல பேரு எழுதுவான், மாசக் கடைசியில சம்பளமாச்சும் குடுத்தான். இவங்க சும்மாவே எழுதுறாங்களே" என்றார்.

பாக்கிக்காரரின் வாசல் அட்டையையும் முடக்கலாம் என்கிறது விதி. முடக்கிவிட்டால், வேலை முடிந்து வருகிறவன் தடுப்புக்கட்டை முன்னால் மோட்டார்சைக்கிளை நிறுத்தி இறங்க வேண்டும். காவலாளி முகத்தைப் பார்க்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்துக்கு இது பழகிப்போன காட்சி. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னது. பட்டாளம் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். சைக்கிள் போய் மோட்டார்சைக்கிள் வந்துவிட்டது. துரைக்குப் பதில் ஒரு தடுப்புக்கட்டை நிற்கிறது. இறங்குகிற ஆள் மட்டும் மாறவில்லை.

பராமரிப்புக்குக் காசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி தானாகக் கழுவிக்கொள்ளாது. வசதி இருந்தும் ஏய்க்கிறவன் உண்டு. புதுக் காருக்குத் தவணை கட்டிக்கொண்டு, பராமரிப்புக்கு மட்டும் "அடுத்த மாசம் பாக்கலாம் அண்ணே" என்பவனை எனக்கும் தெரியும். அவன் பெயரை இன்னும் கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள். ஆனால் அவனுக்கும் பாட்டிக்கும் ஒரே படிவம், ஒரே 14 நாள் என்பதைச் சமத்துவம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வாடகை வீட்டுக்காரன் கதை இன்னும் சுருக்கம். கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாதம் 124 வெள்ளி பாக்கி சேர்ந்துவிட்டால், வருவது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்.

சரி, பராமரிப்புக் கட்டணமே இல்லாத இடத்தில் இருந்தவன் பிழைத்தானா? பினாங்கு கம்போங் புவா பாலாவைக் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்கள். அவர்கள் கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். நிலம் போய்ச் சேர்ந்த இடம் ஒரு கூட்டுறவுச் சங்கம், அதுவும் அரசு அதிகாரிகளுடையது. கடைசி நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள், 2009 செப்டம்பரில் புல்டோசர் வந்தது. எல்லாரும் கூடி வாழத்தானே கூட்டுறவு? கூடியவர்கள் அதிகாரிகள், வாழ்ந்தவர்கள் வெளியே. தோட்டத் தொழிலாளியிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்து, துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்க 1960இல் துன் சம்பந்தன் தொடங்கியதும் கூட்டுறவுச் சங்கம்தான். இந்த நாட்டில் அந்தப் பெயரில் எதையும் செய்யலாம் போலிருக்கிறது.

இனி நானும் ஒரு படிவம் 11 நிரப்பப் போகிறேன். பந்திங்கில் இருந்து கொஞ்ச தூரத்தில் டிங்கில். அங்கே தாமான் பெர்மாத்தா என்றொரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பிராங் பெசார், செஜ்லி போன்ற தோட்டங்களின் மேல்தான் புத்ராஜெயா எழுந்தது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்த ஏறக்குறைய 400 குடும்பங்களை அந்த அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். சுவரெல்லாம் விரிசல் விட்டது. தரைவீடு கேட்டார்கள், வாக்குறுதி கிடைத்தது. பிறகு தேர்தல் வந்தது, மறுபடி வாக்குறுதி கிடைத்தது. கால் நூற்றாண்டு இப்படியே போனது. மரம் வெட்டிய நிலத்தில் பிரதமர் அலுவலகமும் ஏரியும் பாலங்களும் வந்தன, அவற்றில் விரிசல் விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கணக்கு எளிது. கடன், குடும்பத்துக்கு ஒரு நல்ல வீடு. நகரம் தொடங்கிய 1995இல் இருந்து 2025 வரை 30 ஆண்டு. வட்டி, சட்டம் சொல்லும் அதே 10 விழுக்காடு. வட்டிக்கு வட்டி வேண்டாம், நாங்கள் என்ன மனசாட்சி இல்லாதவர்களா? முதல் ஒரு வீடு, வட்டி மூன்று வீடு. ஆகக் குடும்பத்துக்கு நான்கு, 400 குடும்பத்துக்கு 1,600 வீடு. 14 நாளில் கட்டுக. தவறினால் பெயர், முகவரி, பாக்கி மூன்றும் பலகையில் ஒட்டப்படும். டியூப் லைட் நாங்களே வாங்கிப் போடுகிறோம்.

படிவத்தின் மேல் பகுதியில்தான் சிக்கிக்கொண்டேன். கடனாளியின் பெயர், வீட்டு எண் எழுத வேண்டும். யார் பெயரை எழுத? தோட்டக் கம்பெனியைக் கேட்டால் நிலத்தை அப்போதே கொடுத்துவிட்டோம் என்பார்கள். மேம்பாட்டாளர் மாநிலத்தைக் கைகாட்டுவார், மாநிலம் கூட்டரசைக் காட்டும், கூட்டரசோ முந்தைய ஆட்சியைக் காட்டும். முந்தைய ஆட்சிக்காரர் பாதிப்பேர் இந்த ஆட்சியிலும் இருப்பார்கள், அவர்களுக்கு அந்த விஷயம் ஞாபகம் இருக்காது. பெயரில்லாத ஆளுக்கு நோட்டீஸ் சார்வு செய்ய முடியாது, படிவம் செல்லாது.

பாட்டிக்குப் பெயர் இருக்கிறது, மூன்றாவது மாடி இருக்கிறது, கதவில் எண் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் ஆளும் வீட்டில்தான் இருப்பார். கொண்டுபோய்க் கொடுங்கள்.