23 கிலோ அழைப்பு

மூணாறு எஸ்டேட் லயத்துத் தம்பி ஒருவன் கென்யாவுக்கு ஊழியம் செய்யப் புறப்படுகிறான். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பெட்டிதான் பிரச்சினை. விமானத்தில் 23 கிலோ. கொழுந்து நிறுக்கும் தராசில் மாட்டினால் 27. அம்மா யோசிக்கவே இல்லை, பெரிய வேதாகமத்தை வெளியே எடுத்தார். "அது போன்லயே இருக்கே ராசா. நார்த்தங்கா ஊறுகா போன்ல வருமா?"

1903-ல் அசரியா முதலானோர் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது நெல்லைக்காரர்களுக்கு அந்நிய மண் என்பது தெலுங்கு நாடு. பாஸ்போர்ட் வேண்டாம், பாஷை வேண்டும். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளிடம் அதே அசரியா கேட்டதும் தியாகத்தை அல்ல, நட்பை.

பக்கத்து லயத்தில் ஜார்க்கண்ட் தொழிலாளிகள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. "அவங்க பேரென்ன தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. அவங்க பாஷை நமக்குப் புரியாதே!"

கையிலிருந்த ஸ்வாஹிலிப் பாடப் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னான்.