ஓட்டம் தடுமாறிய முள்ளெலி

கேள்வி: வீடியோ கேம்களில் மாரியோவும் சோனிக்கும் பழைய ஆக்கள்தான். மாரியோ மட்டும் அலுக்கவில்லையே, ஏன்?
(வாசகர், அக்கராயன்)

பதில்: 1981 இல் பாயத் தொடங்கிய மாரியோவுக்கு, பாய்வதற்கான புதுக் காரணத்தை நிண்டெண்டோ ஒவ்வொரு முறையும் தேடித் தருகிறது. 1991 இல் சேகா பெற்றெடுத்த சோனிக் என்ற முள்ளெலியின் ஒரே சொத்து ஓட்டம். முப்பரிமாணத்துக்கு வந்ததும் கமராவே அந்த ஓட்டத்தோடு ஓட முடியாமல் திணறியது. முதலில் அதையல்லவா திருத்தியிருக்க வேண்டும்? அதற்குப் பதிலாகக் கூட்டாளிகளைச் சேர்த்தார்கள், கதையை நீட்டினார்கள். 2006 இல் வந்த ஆட்டத்தில் செத்துக் கிடந்த முள்ளெலியை ஒரு மனித இளவரசி முத்தமிட்டு எழுப்பினாள். முத்தத்தில் உயிர் வந்தது, வேகம் வரவில்லை. 2017 இன் 'சோனிக் மேனியா' ஆட்டத்தை ரசிகர்களாயிருந்து வளர்ந்தவர்கள் செய்தார்கள். பழைய ஓட்டம் திரும்பியது. அதை ஒருக்கா ஆடிப் பாருங்கள், அண்ணை.