வேர் புடிச்சிருக்கான்னு இழுத்துப் பாக்காத

வாடியம்மா, இஸ்தோப்புல ஏறி ஒக்காரு. காலப் பாத்துக்க, அட்டை ஏறியிருக்கப் போவுது. என்ன கையில, முறுக்கா? தாத்தாவுக்கு மிச்சமிருக்கிறது நாலே பல்லுன்னு தெரிஞ்சும் முறுக்கு சுட்டுக்கிட்டு வந்திருக்கன்னா, சமாசாரம் பெருசாத்தான் இருக்கும். சொல்லு.

சின்னவனுக்கு மூணு முடிஞ்சிருச்சு, வாற ஜனவரிக்கு நர்சரியில போடலாமா வேணாமா, அதானே? சரியான ஆளுகிட்டதான் வந்திருக்க. நான் பன்னெண்டு வருசம் நர்சரியில கெடந்தவன். சிரிக்காதடி. தேயிலைத் தவறணைக்குத் தொரமாரு வேற என்ன பேரு சொன்னாங்க?

அங்க நான் படிச்ச பாடம் ஒன்னுதான். ஒரு எல, ஒரு கணு, அவ்வளவுதான் கன்னு. பையில ஊண்டி, மேல தழைப் பந்தல் போட்டு நெழல் குடுப்போம். புதுசா வர்ற பொடியனுங்களுக்குப் பொறுமை இருக்காது. வேர் புடிச்சிருச்சான்னு தெனம் ஒரு கன்ன இழுத்து இழுத்துப் பாப்பானுங்க. இழுத்த கன்னெல்லாம் சாவும். நீ மட்டும் என்னவாம்? வீட்டுக்கு ஒரு ஆளு வந்தாப் போதும், 'மாமாவுக்கு ஏ பி சி டி சொல்லு, நூறு வரைக்கும் எண்ணிக் காட்டு'ன்னு அந்தப் பயலப் புடிச்சு இழுக்கிற.

ஒம் புருசன் பங்குக்கு அவன். கொழும்புக் கடையில நின்னுக்கிட்டு வட்சப்புல ஆர்டர் போடுறானாம்ல! இங்கிலீஷ் மீடியம், கழுத்துல டை, கருப்புச் சப்பாத்து, முதுகுல புள்ளையவிடப் பெரிய பேக். அவனுக்கு ஊரு மறந்து போச்சா? வட்டவளையில வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல மழை கொட்டுது. வைகாசியில நனஞ்ச டை காயிறதுக்குள்ள, பய ஓ லெவலே எழுதி முடிச்சிருவான்.

அடுத்த லயத்துக்காரி ரெண்டரை வயசுலயே போட்டுட்டாளாக்கும். போடட்டும், அவ பொங்கலுக்கும் ரெண்டு நாள் முந்திப் பானை வைக்கிறவ. நீ காலண்டர எடு. ஒன்னாம் வகுப்புக்கு ஜனவரி 31ல 5 வயசு முடிஞ்சிருக்கணும். ஒம் மவன் பொறந்தது மார்ச்சு. அவனுக்கு 5 முடியிறப்ப அந்த வருசத்து வாசல் மூடியிருக்கும், அடுத்த ஜனவரியிலதான் எடுப்பாங்க. வாற ஜனவரிக்கு நர்சரிக்குப் போனா ரெண்டு வருசம் படிப்பான், அதுக்கடுத்த ஜனவரிக்குப் போனா ஒரு வருசம். வட்டவளை ஸ்டேசன்ல நிக்காமப் போயிருற ரயிலா இது? நர்சரிக்குப் போகாட்டி ஒன்னாம் வகுப்புல எடுக்க மாட்டாங்கன்னு எவளோ சொன்னாளாமே. அவளையே மொதல்ல நர்சரியில போடணும்.

அட்டன்ல ரிட்டையரான மாஸ்டர் ஒருத்தரு கதை சொல்லுவாரு. புரோபல்னு ஒரு ஜெர்மன்காரரு, 1837ல சின்னப் புள்ளைங்க வெளையாடிப் படிக்க ஒரு எடம் தொறந்தாராம். அதுக்குப் பேரு அமையவே மூணு வருசம் ஆச்சாம். கடைசியில 1840ல வச்ச பேரு, 'புள்ளைங்க தோட்டம்'. அந்த மனுசன் புள்ளைங்களுக்காகத் தோட்டம் போட்டாரு. நம்ம வெள்ளக்காரத் தொர, தோட்டத்துக்காகப் புள்ளைங்களப் போட்டான். இங்க 1907ல ஒரு சட்டம் வந்துச்சு, 6 வயசுலேருந்து 10 வயசு வரைக்கும் தோட்டத்துப் புள்ளைக்குப் பாடம் சொல்லணும்னு. பத்துக்கு மேல? மிச்சத்தக் கொழுந்து சொல்லிக் குடுத்துரும்னு விட்டுட்டானுங்க. எங்கள எவன் கேட்டான், 'தயாரா தம்பி'ன்னு? நீ கேக்குற. அதுலயே நாம மேட்டுக்கு வந்துட்டோம்னு வச்சுக்க.

சரி, பய தயாரா? நேத்து சாயந்தரம் பீலிக்கரையில நான் பாத்ததச் சொல்றேன். அவன் கணுக்கால்ல ஒரு அட்டை. பய அழல. தலயச் சாச்சு நல்லாப் பாத்தான். அப்பறம் காலத் தூக்கிக் காட்டி, 'தாத்தா, இது என்னயக் குடிக்கிது'ன்னான். ஆளக் கூப்புட்டான், எடத்தக் காட்டுனான், என்ன நடக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னான். டீச்சரம்மாவுக்கு வேற என்னடி வேணும்? ஒன்னுக்கு வந்தாச் சொல்லணும், கால்சட்டையத் தானா எறக்கத் தெரியணும், சாப்பாட்டுப் பெட்டி மூடியத் தொறந்து ரொட்டியப் பிச்சுத் திங்கணும், அடுத்த புள்ள தள்ளிவிட்டா வந்து சொல்லணும். அ, ஆ எழுதுறது டீச்சரம்மா வேலை. அதையும் நீயே செஞ்சுட்டா அவங்க எதுக்கு?

இதுல மூடி ஒன்னுதான் அவனுக்கு வரமாட்டேங்குது. எப்புடி வரும்? நீ போன்ல பொம்மையப் போட்டுவிட்டு, ரொட்டியச் சம்பல்ல தொட்டு வாயில திணிக்கிற. அவன் கைக்கு வேலை குடுத்தாத்தானே? நாளைக்கே பெட்டிய அவன் கையில குடு. பாதி ரொட்டி சிந்தும். சிந்தட்டும், கோழிக்கும் வயிறு இருக்குல்ல.

இப்ப ஒன் பரீட்சை. நேத்து அதே அட்டையப் பாத்து நீ என்ன செஞ்ச? 'ஐயோ'ன்னு ஓடியாந்து வெடுக்குன்னு புடுங்கி எறிஞ்ச. நீ போட்ட சத்தத்துலதான் பய அழுகவே ஆரம்பிச்சான். அவன் பாஸு, நீ பெயிலு. அஞ்சு மாசத்துலேருந்து புள்ளக்காம்பராவுல வளந்தவன்டி அவன். சிறுவர் அபிவிருத்தி நிலையம்னு இப்ப போர்டு மாட்டியிருந்தாலும், நமக்கு அது புள்ளக்காம்பராதான். காலையில ஆயாம்மாவக் கண்டா ஒன் இடுப்புலேருந்து வழுக்கி எறங்கிருறான். நீதான் படியில நின்னு நாலு தடவ திரும்பிப் பாத்துட்டு, பெரட்டுக்குப் பிந்திப் போயி கங்காணிகிட்டப் பேச்சு வாங்குற. கழுத்தக் கட்டிக்கிட்டு விடமாட்டேங்கிற அட்டை எதுன்னு இப்பப் புரியுதா?

தவறணையிலயும் பந்தல ஒரே நாள்ல பிரிக்க மாட்டோம். இன்னிக்கு ரெண்டு தழை, அடுத்த வாரம் நாலு தழைன்னு கொறைச்சுக்கிட்டே வருவோம். அதே மாதிரி, ஜனவரிக்கு முந்தியே ஒரு நாள் கூட்டிட்டுப் போயி எடத்தக் காட்டு. மொத வாரம் வாசல்ல கொஞ்சம் நில்லு, அடுத்த வாரம் நிக்கிறதக் கொற. சொல்லிட்டுப் போ, திருட்டுத்தனமா மறையாத. மறைஞ்சன்னா, நாளைக்கு ஒன்னுக்குப் போறதுக்கும் ஒன் முந்தானையப் புடிச்சுக்கிட்டு வருவான்.

எல்லாஞ் சரி. ஒரு கணக்கு மட்டும் ஒதைக்குது. நர்சரி மத்தியானத்தோட விட்டுரும். நீ சாயந்தரக் கொழுந்து நிறுத்துட்டு மலையிலேருந்து எறங்க நாலரை ஆவும். புருசன் கொழும்புல. வைகாசி மழையில ஒத்தையடிப் பாதையில அந்தப் பயலக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றது யாரு?

என்னடி, தலயக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கிற? முறுக்கு எதுக்குன்னு இப்பத்தான் வெளங்குது. புள்ள தயாரான்னு கேக்க வந்தவளா நீ? கெழவன் தயாரான்னு பாக்க வந்தவ!

இந்தா, என் மடிய அவுத்துப் பாரு. உப்புப் பொட்டணம். நேத்து பீலிக்கரையிலேருந்து வந்தவொடன கட்டி வச்சது. ஒரு சிட்டிகை வச்சாப் போதும், அட்டை தானா விழுந்துரும். புடுங்க வேணாம், கத்த வேணாம். ஒனக்கும் ஒரு சிட்டிகை தர்றேன், மொத நாளு வாசல்ல தேவப்படும்.

முறுக்க வச்சுட்டுப் போ. பிளேன்டியில ஊறப்போட்டாத் தாத்தாவுக்கும் எறங்கும்.