ஆடா, மாடா, கரடியா?

எங்கள் குடும்பத்தில் கரடியை நேருக்கு நேர் பார்த்தவர் பாட்டி ஒருவர்தான். அதுவும் மாட்டைத் தேடிப் போன இடத்தில்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லயத்துக்குப் பின்னால் பாட்டிக்கு இரண்டு மாடுகள். பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போய்விட்ட ஒரு காலையில், பக்கத்துக் கம்போங்கைச் சேர்ந்த மலாய்க்காரப் பெரியவர் சைக்கிளில் வந்தார். "ஆடா பெருவாங் மாடு!" என்று கத்தினார். நிற்கவில்லை, மிதித்துக்கொண்டு பறந்துவிட்டார்.

மலாயில் 'ஆடா' என்றால் இருக்கிறது. 'பெருவாங்' கரடி. 'மாடு' என்றால் தேன். தேன்கரடி வந்திருக்கிறது, ஓடுங்கள் என்று அந்த நல்ல மனிதர் எச்சரித்திருக்கிறார். பாட்டியின் மலாய், மீன்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். நடுவில் வந்த சொல் புரியவில்லை. ஆடு நம்மிடம் இல்லை, அப்படியானால் அவிழ்த்துக்கொண்டு போனது மாடுதான் என்று முடிவு கட்டி, கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிரை முடிகிற காட்டோரத்தில் கறுப்பாக ஒன்று, பட்டுப்போன மரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பாட்டி "ஹை, ஹை" என்று அதட்டினார். அது இரண்டு காலில் எழுந்து நின்று திரும்பியது. "கழுத்துல மஞ்சத் துண்டு போட்டுக்கிட்டு யாரோ ஆம்பள நிக்கிறாருன்னு நெனச்சேன்டா" என்பார் பாட்டி. அது கயிற்றைப் பார்த்தது, பாட்டியைப் பார்த்தது, காட்டுக்குள் போய்விட்டது. பாட்டியும் கயிறும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள். மாடுகள் இரண்டும் கொட்டகையிலேயே நின்றிருந்தன.

சாயங்காலம் கள்ளுக்கடையில் தாத்தா அதே கரடியை எட்டடி ஆக்கினார். எனக்கு நினைவு தெரிந்த தீபாவளியில் அது பத்தடி. கரடி விடுவது என்று தமிழில் சும்மாவா சொன்னார்கள்?

உண்மையில் உலகில் இருக்கும் எட்டு வகைக் கரடிகளில் இதுதான் ஆகச் சிறியது. சூரியக் கரடி என்றும் சொல்வார்கள். நெஞ்சில் இருக்கும் மஞ்சள் பிறைதான் காரணம். நன்றாக வளர்ந்தாலும் ஐந்தடியைத் தாண்டாது, எடை 65 கிலோவுக்குள். நான் 84 கிலோ. நாங்கள் இருவரும் சந்தித்தால் யார் யாரைப் பார்த்துப் பயப்படுவது என்பதே பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். ஆனால் சிறிசு என்று அலட்சியம் வேண்டாம். நகம் நான்கு அங்குலம் வரை வளரும். கழுத்துத் தோல் தொளதொளவென்று இருப்பதால், எது பிடரியைக் கவ்வினாலும் தோலுக்குள்ளேயே திரும்பித் திருப்பிக் கடித்துவிடும். தேனையும் கரையானையும் நக்கி எடுக்க 25 சென்டிமீட்டர் வரை நாக்கு வேறு. எங்கள் வீட்டில் அதற்குப் போட்டி, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அத்தை மட்டும்தான்.

இந்தக் கரடியின் தலையெழுத்து, யாரும் அதைக் கரடியாக மதிப்பதில்லை என்பது. சிவபூஜையில் கரடி நுழைந்தால் நாம் திட்டுவோம். சிங்கப்பூர் புகழ் ரஃபிள்ஸ் துரையோ அதைச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்த்தினார். 1821-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அவர்தான். சுமத்ராவில் அவர் வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்த கரடி, பழம் என்றால் மங்குஸ்தீன் மட்டும், மது என்றால் ஷாம்பெயின் மட்டும் தொடுமாம். ஷாம்பெயின் இல்லாவிட்டால் கோபம் வந்துவிடுமாம். இப்படிப்பட்ட மாப்பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

2019-ல் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டுக்குள் ஒரு பாடகி கரடிக்குட்டியை வைத்திருந்து பிடிபட்டார். கண்டெடுத்தபோது நாய்க்குட்டி என்று நினைத்தாராம். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி இது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு, வீட்டில் வைப்பது குற்றம். 2023-ல் சீனாவின் ஹாங்சோ விலங்குக்காட்சி சாலையில் ஒரு சூரியக் கரடி இரண்டு காலில் நின்றது. பின்பக்கத் தோல் மடிந்து தொங்கியதைப் பார்த்த சனங்கள், யாரோ கரடிவேஷம் போட்ட ஆள் என்று உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். நான் மனிதனில்லை என்று கரடியே சொல்வதுபோல நிர்வாகம் அறிக்கை விடவேண்டியதாயிற்று. பாட்டிக்கு மாடு, பாடகிக்கு நாய், சீனர்களுக்கு மனிதன். பாவம், வேறு என்னதான் செய்யும் அது?

தோட்டத்தை விட்டு நாங்கள் ஈப்போவில் இருக்கும் சிலிபினுக்குக் குடிவந்து பல வருஷம் ஆகிறது. ஈப்போ என்பதே ஒரு விஷமரத்தின் பெயர். ஓராங் அஸ்லி வேட்டைக்காரர்கள் அம்பில் தடவும் பால் அந்த மரத்தினுடையது. ஊர்ப்பெயரே எச்சரிக்கைப் பலகையாக இருந்தும் வந்தோம். லூர்து மாதா கோயில், பக்கத்தில் புந்தோங், மாலையில் தேத்தண்ணீருக்குக் கச்சான்பூத்தே. மேற்கே கிளேடாங் மலை. மலையடிவாரம் என்றால் காற்று நல்லா வரும் என்று வீட்டுத் தரகர் சொன்னார். என்னென்ன வரும் என்ற முழுப் பட்டியலைக் கொடுக்கவில்லை.

முதலில் வந்தது குரங்கு. ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய், காயா போத்தலுக்காகத் திரும்பி வந்தது. கால்வாயில் ஓர் உடும்பு குடியிருக்கிறது, வாடகை தருவதில்லை. ஒரு நாள் என் காருக்கு அடியில் மலைப்பாம்பு. பொதுத் தற்காப்புப் படைக்காரர்கள் வந்து கோணிப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முழுவதும் நான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன்.

இத்தனை வந்த பிறகு கரடி மட்டும் வராமலா போகும்?

வந்தது. விடியாத நேரம், அடைமழை. பின்சந்து வாழைப் புதரில் கறுப்பாக ஒன்று குனிந்து எதையோ பிய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காலில் நிமிர்ந்தது. மின்னல் வெட்டில் பார்த்தேன், நெஞ்சில் மஞ்சள். பாட்டி சொன்ன அதே மஞ்சள்! மனைவியை எழுப்பினேன். அவள் "பேசாம படுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். 999-ஐ அழுத்தினேன்.

மறுமுனையில் இருந்த பெண் பொறுமைசாலி. கரடி என்ன செய்கிறது என்று மலாயில் கேட்டார்.

"வாழை இலை வெட்டுது."

"எதால் வெட்டுது?"

"கத்தியால்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சொன்னதை நானும் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மாமனாரின் திதிக்குப் படையல் போட இலை வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அங்கிள் அவர். கறுப்பு மழைக்கோட்டு, கழுத்தில் மஞ்சள் துண்டு. விஷயத்தை அவரிடம் போட்டுக்கொடுத்தது என் மனைவி. மூன்று வாரம் அங்கிள் என்னோடு பேசவில்லை. படையல் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு வந்தது, வடை மட்டும் ஒன்று குறைந்தது.

ஆகவே கிளேடாங் அடிவாரத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்கால விடியற்காலையில் இலை வெட்டப் போனால், தயவுசெய்து ஒரு சிவப்புக் குடையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.