பானையும் மேல்சோறும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சரி, எந்தப் பானை என்று கேட்கலாமா? 15 வயது மாணவர்களை அளக்கும் பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வில் 2009, 2012 இரு முறையும் ஷாங்காய்தான் முதல். தேர்வின் அறிக்கை 'ஷாங்காய்-சீனா' என்றே எழுதியது. தலைப்புச் செய்திகள்தான் அதை வெறும் 'சீனா' ஆக்கின. 2015இல் பெய்ஜிங், ஜியாங்சு, குவாங்டாங் சேர்ந்ததும் வாசிப்பில் 27ஆம் இடம். 2018இல் குவாங்டாங் போய் ஜேஜியாங் வந்தது. மூன்று பாடங்களிலும் மறுபடி முதலிடம். மூன்றே ஆண்டுகளில் தேசம் இவ்வளவு படித்துவிட்டதா, தேசத்தின் வரைபடம் மாறியதா?

பள்ளிகளை முறைப்படி குலுக்கித்தானே எடுத்தார்கள் என்பார்கள். உண்மை, ஆனால் ஷாங்காய்க்குள் எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும் கான்சு மாகாணத்து மலைப்பள்ளி சீட்டில் வராது. நான்கு பகுதிகளின் மக்கள்தொகை பல நாடுகளைவிடப் பெரிதே என்றும் வாதம் உண்டு. பெரிய கரண்டிதான், மேலோடு அள்ளியது. வேலை தேடி நகரம் வந்தவர்களின் பிள்ளைகளோ, உள்ளூர்க் குடிப்பதிவு இல்லாமல், பலர் மேல்நிலைப் படிப்புக்குச் சொந்த ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

நாமும் மேல்சோற்றைத்தான் நீட்டினோம்: கல்வியில் பெயரெடுத்த தமிழ்நாடும் இமாச்சலமும். 2009 சுற்றின் பட்டியலில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்த சுற்றுகளுக்கு இந்தியா பானையையே மூடிவைத்தது.