தில்லிக்குப் போற தம்பிக்கு, டெலஸ்கோப் விஷயமா

வா தம்பி, உக்காரு. நம்ம குமணன்சாவடியில மெட்ரோ தூணும் எல்.இ.டி. விளம்பரமும் போக, வானத்துல நிலா ஒண்ணுதான் மிச்சம். அதையும் எவனாவது மனை போட்டு விக்கறதுக்குள்ள பேசிடுவோம். வானத்துக்குத் துட்டு ஒதுக்குற கமிட்டியில உன்னைச் சேத்திருக்காங்களாமே? 20 வருஷத் திட்டமாமே? பலே.

முதல்ல ஒரு கல்லு நடு. 1792-ல நுங்கம்பாக்கத்துல வான் ஆய்வுக்கூடம் கட்டின கம்பெனிக்காரன் நட்டான் பாரு, 15 அடி கருங்கல் தூண், அந்த மாதிரி. தமிழு, தெலுங்கு, லத்தீன்னு பல பாஷையில வெட்டி வச்சான். ஆயிரம் வருஷம் கழிச்சு வர்றவனுக்கும் இது யார் பண்ண புண்ணியம்னு தெரியணுமாம். 107 வருஷத்துல வான ஆராய்ச்சி மூட்டை கட்டிக்கினு கொடைக்கானல் மலை ஏறிடுச்சு. கல்லு மட்டும் வானிலை ஆபீஸ் வளாகத்துல நிக்குது. அவனுக்கும் நட்சத்திரத்து மேல ஒண்ணும் காதல் கிடையாது. கப்பலுக்குத் தீர்க்கரேகை வேணும், நிலத்தை அளக்கணும். தோ இருக்கற பரங்கிமலையாண்ட 1802-ல லாம்டன் அளக்க ஆரம்பிச்சாரே, அந்தக் கணக்குக்கும் நுங்கம்பாக்கம்தான் ஆதாரம். நீ போய் ‘விஞ்ஞான மனப்பான்மை’ன்னு எழுதி நிதி இலாகாவைச் சிரிக்க வைக்காதே.

மழை வரும்னு சொல்லிப் பாரு, துட்டு வரும். தாது வருஷப் பஞ்சத்துல சனம் செத்து விழுந்தப்புறம், சூரியன்ல இருக்கற புள்ளியப் பாத்தா மழையக் கணிச்சுடலாம்னு ஒரு நம்பிக்கை. கொடைக்கானல் வந்த கதையில அதுக்கும் பங்கு உண்டு. மழை ஜோசியம் பலிக்கலை. ஆனா 1909-ல எவர்ஷெட்டுன்னு ஒருத்தர், புள்ளிக்குள்ளேர்ந்து வாயு வெளிய பாயுதுன்னு அங்கதான் கண்டுபிடிச்சார். அதைவிடப் பெரிய சொத்து ஒண்ணு இருக்கு. 1904-லேர்ந்து வானம் தெளிஞ்ச நாளெல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு அடுக்கி வச்சிருக்காங்க. நூறு வருஷத்து சூரியன், இப்ப கம்ப்யூட்டர்ல! பனியில எழுந்து போய் படம் பிடிச்சவனுக்கு எவன் கல்வெட்டு வச்சான்? உன் திட்டத்துல அவன் சம்பளத்துக்கும் பழுது பாக்கறதுக்கும் ஒரு வரி போட்டுடப் போறே, ஜாக்கிரதை. திறப்பு விழா இல்லாத செலவுக்கு எந்த மந்திரிப்பா வருவாரு?

இடம் பாக்கறதுலயும் புத்திசாலித்தனம் காட்டாதே. ரேடியோ டெலஸ்கோப் கட்டின கோவிந்த் ஸ்வரூப் காட்டிட்டார். இங்க மனை வாங்கறவன் சரிவு இருந்தா லாரி லாரியா மண்ணடிச்சு மேடாக்குவான். அவர் என்னடான்னா சரிவைத் தேடிக்கினு ஊட்டிக்குப் போனார். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரி. முத்தொரையில மலையும் வடக்கு தெக்கா அதே 11 டிகிரி சாஞ்சு இருக்கு. அதுல 530 மீட்டர் நீளத்துக்கு ஆன்டெனாவைப் படுக்க வச்சா, பூமியோட அச்சுக்கு இணையா நிக்கும். ஒரே அச்சுல திருப்பிக்கினே போனா போதும், வானத்துல நகர்ற பொருள மணிக்கணக்கா விடாம தொடரலாம். 1970-லேர்ந்து ஓடுது. மலை இனாமாக் குடுத்த கோணத்துக்கு எந்தக் கான்டிராக்டர் பில்லு போட முடியும், சொல்லு? கமிஷனுக்கு வழியே இல்லாத திட்டம்!

மலைக்காரங்களைக் கேக்காதே. கேட்டா காரியம் நடக்காது. கேக்காமயே விட்டாலும் நடக்கலைங்கறது வேற விஷயம். ஹவாய்ல 30 மீட்டர் டெலஸ்கோப்புல பங்குக்கு 2014-ல நம்ம அமைச்சரவை ஏறக்குறைய 1,300 கோடிக்குத் தலையாட்டுச்சு. அது எங்க சாமி மலைன்னு அந்த ஊர் சனம் ரோட்டுல உக்காந்துடுச்சு. தேனி பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-ல ஒப்புதல் குடுத்தாங்க, 2022-ல மாநில அரசே வேணாம்னு சுப்ரீம் கோர்ட்டுல சொல்லிடுச்சு. திட்டச் செலவுல ஊர்க்காரனோட உக்காந்து பேசற செலவுன்னு ஒண்ணு எழுதிப் பாரேன், ஆடிட்டர் மயக்கம் போட்டு விழுவார்.

ஜவ்வாது மலையில காவலூர் இருக்கே, வான் ஆய்வுக்கூடத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த வைணு பாப்பு 1982-லயே போயிட்டார். பெரிய 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986-லதான் வந்துச்சு, அவர் பேரோட. ஆக, 20 வருஷத் திட்டம்னா முதல்ல உன் ஆயுசையும் கொஞ்சம் கணக்குல சேத்துக்கோ. இருட்டையும் சேத்துக்கோ. லடாக்குல ஹான்லேயச் சுத்தி 2022-ல இருட்டுக்கே காப்பகம் அறிவிச்சுட்டாங்க. நான் இங்க தெருவிளக்குக்கு மனு எழுதிக்கினு இருக்கேன், அங்க ஊரையே விளக்கை அடக்கச் சொல்றாங்க. நாடு முன்னேறிடுச்சு, போ.

அமெரிக்காக்காரன் 1964-லேர்ந்து பத்து வருஷத்துக்கு ஒருவாட்டி வானியல்காரங்களையே உக்கார வச்சு, எது முதல்ல, எது அப்புறம்னு வரிசை போட வைக்கிறான். நாம ரேஷன் கடையிலயே வரிசைக்கு ஒத்துக்காத ஆளுங்க. ஈர்ப்பு அலையைப் பிடிக்கற லைகோ-இந்தியாவுக்கு 2016-ல ‘சரி’ன்னாங்க, 2023-ல ‘சரி சரி’ன்னாங்க. அதுக்கு 2,600 கோடி.

ஆமா, உன் திட்டத்துல முதல் வருஷம் இன்னா எழுதியிருக்கே? ‘குழு அமைத்தல்’. ரெண்டாம் வருஷம்? ‘குழுவின் பதவிக்காலத்தை நீட்டித்தல்’. அடப் படவா, உனக்குப் போயி நான் புத்தி சொல்லிக்கினு இருந்தேன் பாரு!